உப்பில்லாத தட்டு

அத்தியாயம் பதினொன்று

ஞாயிறு பூசை முடிந்து கடைக்குள் வந்த அகாதா, மூலை மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருப்பதைப் பார்த்தாள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றுவிட்டாள்.

துணியின் நடுவில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. பக்கத்தில் ஒரு கிளாஸ் ரம், ஒரு கிளாஸ் தண்ணீர். தட்டு மட்டும்தான் இன்னும் வைக்கவில்லை.

"யூரியாஸ், இது என்ன?" என்றாள்.

அவள் கணவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. "என்னன்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

போன வாரம் படிக்க விட்டுப்போனவர்களுக்காக நாலு வரி. யூரியாஸ், அகாதா தம்பதிக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் ஜெர்வன், விடியலில் சின்னப் படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. இளையவன் லிண்டனும் கூடப் போயிருக்க வேண்டியவன். முதல் நாள் ராத்திரி போட்ட ரம்மில் அவனை எழுப்ப முடியாமல் அண்ணன் தனியாகப் போய்விட்டான். காவல் கப்பல் வந்து தேடிவிட்டுத் திரும்பிப் போயாயிற்று. அதற்குப் பிறகும் விடாமல் தேடிக்கொண்டிருப்பவர் கேப்டன் ஆல்வின் ஒருத்தர்தான்.

இப்போது இந்த வெள்ளைத் துணி. கரியாக்கூத் தீவில் இதற்கு ஒரே அர்த்தம்தான். செத்துப்போனவர்கள் கனவில் வந்து பசிக்கிறது என்று சொன்னால் அவர்களுக்குத் தட்டு போட வேண்டும். அன்றைக்கு என்ன சமைத்தாலும் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வைக்க வேண்டும், உப்பு மட்டும் போடக் கூடாது. உப்பு உயிரோடு இருப்பவர்கள் தின்பது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் வீட்டுச் செத்தவர்கள் பட்டினி கிடக்கட்டும்.

"விடியக்காலைல வந்தான்," என்றார் யூரியாஸ். "இதோ இந்த மேஜைலதான் உக்காந்திருந்தான். சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. 'அப்பா, பசிக்குது, ஏதாவது போடுங்க'ன்னான்."

"கனவுதானே."

"கனவுதானேன்னு நீயா சொல்றே? உங்கப்பா வந்து கேட்டப்ப ஆடு வெட்டினியே, அதுவும் கனவுதானே?"

அகாதா தொப்பியைக் கழற்றினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஊருக்கெல்லாம் சோறு போட்டு விக்கிறவன்," என்றார் அவர். "என் புள்ளை என் கடையில வந்து பசிக்குதுன்னு நிக்கிறான். போடாம எப்படி இருக்கச் சொல்றே?"

பார் மேடைக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த நெர்லீன் கத்தியைக் கீழே வைத்தாள். ஜெர்வனின் மனைவி. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், ஆள் பாதியாகிவிட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "நடுக்கடல்ல உயிரோட மிதக்கிறவனுக்குப் பசிக்காதா? செத்தவங்களுக்கு மட்டும்தான் பசியா?"

"உயிரோட இருக்கிறவன் கனவுல வந்து கேக்க மாட்டாம்மா."

"எழுதி வச்சிருக்கா?"

"நெர்லீன்," என்று அகாதா அதட்டினாள். அதட்டலில் பலமே இல்லை.

நெர்லீனின் பயம் கனவைப் பற்றியது மட்டும் இல்லை. ஆல்வினும் ஆட்களும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வருகிறார்கள். சாப்பிட்டதும் கடலுக்குப் போவதாகப் பேச்சு. மேஜையில் தட்டு இருப்பதைப் பார்த்தால் போக மாட்டார்கள். பையன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பெற்ற வீடே தட்டு போட்டுச் சொன்ன பிறகு, ஊரான் எதைத் தேடிப் போவான்? இன்றைக்குப் போகவில்லை என்றால் நாளைக்கும் போக மாட்டார்கள். அத்தோடு ஜெர்வன் முடிந்தான்.

அகாதா சமையலறைக்குள் போனாள். நெர்லீனும் பின்னாலேயே போனாள்.

அடுப்பில் துவரையும் சோறும் வெந்துகொண்டிருந்தன. சோளமாவுக் களி கிண்டியாகிவிட்டது. சேம்பு இலைக் குழம்பு, வறுத்த சங்கரா மீன், லாம்பிச் சங்குச் சதை வதக்கியது, சுட்ட சீமைப்பலா. ஞாயிற்றுக்கிழமை என்றால் அகாதா கடையில் இவ்வளவும் இருக்கும். ஒவ்வொன்றிலும் உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வைத்திருந்த சின்னக் கிண்ணங்கள் அகாதாவின் கண்ணில் பட்டன. அவள் பூசைக்குப் போயிருந்தபோது யூரியாஸே எடுத்து வைத்திருந்தார்.

"அத்தை, வேண்டாம்," என்றாள் நெர்லீன். "உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

"அவன் செத்திருந்து நான் போடலைன்னா, பசியோட அலைவான்."

"உயிரோட இருந்து நீங்க போட்டீங்கன்னா?"

அகாதா கரண்டியை எடுத்தாள். பிறகு தட்டில் களியை வைத்தாள். அது ஓரத்தில் விழுந்தது. அதை நடுவுக்குத் தள்ளிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். பெற்றவளுக்கு எந்தப் பக்கம் போனாலும் பாவம்தான்.

"உனக்கு ஏதாவது வந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். "உன்கிட்ட வராம அவன் இருப்பானா?"

"வரலை."

வராது. வரக் கூடாது என்றுதான் அவள் தூங்குவதே இல்லை. ஜெர்வன் போனதிலிருந்து மாமியார் பக்கத்தில் ஒரே கட்டிலில் படுத்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே விடிய வைக்கிறாள். கண் சொக்கினால் தொடையைக் கிள்ளிக்கொள்கிறாள். கனவில் வந்து அவன் சோறு கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

மத்தியானம் கடை நிறைந்தது.

ஒரு மேஜை முழுக்க யாட்காரர்கள், உல்லாசப் படகில் வந்த வெளியூர்க்காரர்கள், எட்டுப் பேர். அவர்களில் ஒரு கிழவருக்குப் பிறந்த நாள். முந்தின நாளே வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுச் சொல்லி வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கடையைப் பூட்டினால் துக்க வீடு என்று ஊர் பேசும் என்பதற்காக அகாதாதான் வரச் சொன்னாள்.

கிழவருக்கு நல்ல மனசு. தலையில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு, கடைக்கு முன்னால் கடலுக்குள் நீண்ட படகுப் பாலத்தடியில் கட்டிய சின்ன டிங்கிப் படகுகளைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த மேஜை அவர் கண்ணில் பட்டது. வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, நிரம்பிய தட்டு.

"அங்கே யாருக்கு அவ்வளவு விசேஷம்?" என்று கேட்டார்.

"வீட்டு ஆளுக்கு," என்றாள் நெர்லீன்.

"அந்த ஐஸ் வித்தையைக் காட்டேன். எங்க வீட்டுக்காரி நம்ப மாட்டேங்கறா."

ஜாக் அயர்ன் என்கிற எங்கள் ஊர் ரம்மில் ஐஸ் மிதக்காது, அடியில் போய்விடும். அவ்வளவு காட்டம். யாட்காரர்களுக்கு இது ஒரு வேடிக்கை. நெர்லீன் கிளாஸில் ரம்மை ஊற்றி ஐஸ் கட்டியைப் போட்டாள். அது அடியில் போய் உட்கார்ந்தது. எட்டுப் பேரும் கை தட்டினார்கள்.

முங்கிப் போவதற்குக் கை தட்டுகிறார்களே என்று நினைத்தாள். கிளாஸைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. "இன்னும் ஒரு ரவுண்டு தரட்டுமா?" என்று கேட்டாள்.

அப்போது இரண்டு படகுகளின் சத்தம் கேட்டது. கேப்டன் ஆல்வினும் அவர் ஆட்கள் ஐந்து பேரும் பாலத்தில் ஏறி வந்தார்கள். எல்லாருக்கும் கண் சிவந்து, உதடு வெடித்திருந்தது. நாள் கணக்காக வெயிலில் தண்ணீரையே முறைத்துப் பார்த்த முகங்கள்.

ஆல்வின் வாசலில் ஒரு அடி வைத்தார். மூலை மேஜையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருத்தராகக் கழற்றினார்கள்.

"யூரியாஸ்," என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"விடியக்காலைலதான் வந்தான், ஆல்வின்."

"கேட்டானா?"

"கேட்டான்."

ஆல்வின் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். லிண்டன் பார் மேடையிலிருந்து ஒரு பாட்டில் ஜாக் அயர்னும் கிளாஸ்களும் கொண்டுவந்து வைத்தான். ஆல்வின் முதல் சொட்டைச் செத்தவனுக்காகத் தரையில் விட்டார். ஆட்களும் விட்டார்கள். ஒருத்தரும் சாப்பாடு கேட்கவில்லை.

நெர்லீன் கையில் வைத்திருந்த பரிமாறும் தட்டத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"கேப்டன், இன்னிக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள்."

"உன் மாமனார் போட்ட தட்டைத் தாண்டி நான் எப்படிப் போவேன் தங்கச்சி?"

"அவர் கனவு அவரோட. நான் பொண்டாட்டி. நான் போடலையே."

"நானே போறேன்னு வச்சுக்கோ, பசங்க வரணுமே." ஆட்களைப் பார்த்தார். ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டான். "செத்தவனுக்குப் படைச்ச அன்னிக்குக் கடல்ல இறங்கினா, அவன் துணைக்கு இன்னொருத்தனைக் கூட்டிக்கிட்டுப் போவான்னு இவனுங்க அப்பன் பாட்டன் சொல்லி வச்சிருக்காங்க. அதுவும் இல்லாம கிழக்கே பாரு. சாயங்காலம் காத்தும் மழையும்னு காலைலேருந்து வயர்லெஸ்ல கத்தறான்."

"காத்து மழையில அவர் மட்டும் அங்கே கிடக்கட்டுமா?"

ஆல்வின் கிளாஸைக் கையில் உருட்டினார். "எனக்கு அவன் தம்பி மாதிரி. உனக்குத் தெரியாதா?" என்றார்.

நெர்லீன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். சமையலறை வாசலில் அகாதா துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

இந்த நேரத்தில்தான் அந்த அசம்பாவிதம் நடந்தது.

காகிதக் கிரீடக் கிழவர் கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பினார். இரண்டு கிளாஸ் ஜாக் அயர்ன் உள்ளே போயிருந்தது. தன் மேஜைக்குப் போகிற வழியில் மூலை மேஜையைப் பார்த்தார். கடலைப் பார்த்த இடம், நல்ல காற்று. யாரும் உட்காரவும் இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முள்கரண்டியை எடுத்தார். சங்கரா மீனில் ஒரு துண்டு, களியில் கொஞ்சம், குழம்பில் தோய்த்து வாயில் வைத்தார்.

எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

"ருசியாத்தான் இருக்கு," என்றார் கிழவர், யாரும் கேட்காமலே. "ஆனா உப்பு போட மறந்துட்டீங்க. கொஞ்சம் உப்பு தர்றீங்களா?"

யூரியாஸ் எழுந்தார். முடியாமல் திரும்ப உட்கார்ந்தார். ஆல்வினின் ஆட்களில் ஒருத்தன் சிலுவை போட்டுக்கொண்டான். செத்தவன் தட்டில் உயிரோடு இருப்பவன் கை வைத்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

லிண்டன் பாய்ந்து போய்க் கிழவரின் தோளைப் பிடித்தான். "எந்திரிங்க. முதல்ல எந்திரிங்க."

"அய்யோ, யாருக்காவது வச்சதா? எல்லாருக்கும்னு நினைச்சேன் தம்பி. மன்னிச்சுக்கோ," என்றார் அவர். முகம் வெளுத்துவிட்டது. கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் மேல் தப்பு சொல்வதற்கில்லை.

ஆல்வினின் ஆட்கள் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

"அவரும் இதையேதான் கேட்டாரு," என்றாள் நெர்லீன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"யாரு?" என்றார் ஆல்வின்.

"ஜெர்வன். எனக்கும் வந்தாரு, நேத்து ராத்திரி." ஒரு அடி முன்னால் வந்தாள். "மாமா வருத்தப்படுவாரேன்னு சொல்லலை. கனவுலேயே தட்டைக் கொண்டுபோய் வச்சேன். ஒரு வாய் வச்சுட்டுத் துப்பிட்டாரு. 'என்னடி சமையல் இது, வாய்ல வைக்க முடியலை, உப்பைக் கொண்டா'ன்னு திட்டினாரு."

வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"உப்பு கேட்டானா?"

"கேட்டாரு. கொண்டுவரதுக்குள்ள முழிப்பு வந்துடுச்சு."

ஆட்களில் ஒருத்தன் அத்தனை அசதியிலும் லேசாகச் சிரித்தான். "அது ஜெர்வனேதான். அவன் என் கல்யாணத்துலகூட ஆட்டுக்கறில உப்பு பத்தலைன்னவன்."

ஆல்வின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தச் செத்தவனும் உப்பு கேட்டதா நான் கேள்விப்பட்டதில்லை," என்று நிதானமாகச் சொன்னார். "தங்கச்சி, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. கேட்டானா?"

நெர்லீன் அவர் முகத்தைப் பார்த்தாள். "கேட்டாரு, கேப்டன்."

பொய். சுத்தமான பொய். ஆறு பேருடைய உயிரை வைத்துச் சொன்ன பொய். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உங்களுக்கு வந்தால் சொல்லிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆல்வின் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். ஆட்கள் பெட்ரோல் கேன்களைத் தூக்கினார்கள். அகாதா ரொட்டியும் வறுத்த மீனும் தண்ணீர் பாட்டில்களும் பையில் போட்டுக் கொடுத்தாள். யாட்காரக் கிழவர் தன் படகிலிருந்த பெரிய பைனாகுலரை எடுத்துவரச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

படகுகளைக் கட்டவிழ்க்கிற நேரத்தில் லிண்டன் பார் மேடையைத் தாண்டிக் குதித்தான்.

"லிண்டன்," என்று கத்தினாள் அகாதா. "பைபிள் மேல கை வச்சுச் சொல்லியிருக்கே. படகுல ஏற மாட்டேன்னு சொல்லியிருக்கே."

"அண்ணன் போனது நானும் போயிருக்க வேண்டிய படகும்மா," என்றான் அவன். "நான் எழுந்திருந்தா அண்ணன் தனியா போயிருக்க மாட்டான். அவன் உப்பு கேக்கறான், நான் இங்க ஐஸ் போட்டுக்கிட்டு நிக்கவா?"

யூரியாஸ் மூலையிலிருந்து எழுந்தார். "லிண்டன், நீ வேணாம்ப்பா. நீ மட்டும் வேணாம்," என்றார். இரண்டு எஞ்சின்களும் கிளம்பிய சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

படகுகள் நங்கூரம் போட்டிருந்த யாட்டுகளுக்கு நடுவே புகுந்து போயின. பின்படகில் நின்றிருந்த லிண்டனின் சிவப்புச் சட்டை கொஞ்ச நேரம் தெரிந்தது.

யாட்காரர்கள் கேக்கை வெட்டாமலே எழுந்து போனார்கள். காற்று மாறி, பாலத்தடியில் டிங்கிகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கின. நெர்லீன் மேஜைகளைத் துடைத்தாள். அகாதா வந்து அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

"நேத்து ராத்திரி நீ தூங்கவே இல்லை."

நெர்லீன் அடுத்த மேஜையின் தட்டுகளை அடுக்கினாள்.

"என் பக்கத்துல படுத்திருந்தே. நானும்தான் தூங்கலை. நீ தொடையைக் கிள்ளிக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? தூங்காதவளுக்குக் கனவு எங்கேருந்து வந்துச்சு?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொல்லியிருந்தா அவங்க போயிருக்க மாட்டாங்களே."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். திடீரென்று அகாதாவின் வாய் கோணியது. அழுகையை அவளால் அடக்க முடியவில்லை.

"ஆனா இவன் போவான்னு நான் நினைக்கலைடி. இவன் குதிப்பான்னு நினைக்கலை. ஒருத்தனைத் தேட இன்னொருத்தனையும் அனுப்பிட்டியே."

"கூப்பிட்டுடுங்க," என்றாள் நெர்லீன். அவளும் அழுதாள். "இன்னும் தூரம் போயிருக்க மாட்டாங்க. வயர்லெஸ்ல கூப்பிட்டு நான் பொய் சொன்னேன்னு சொல்லிடுங்க. என்னைக் கல்லால அடிக்கட்டும், பரவாயில்லை."

அகாதா பார் மேடைக்குப் போய் வயர்லெஸ் மைக்கைக் கையில் எடுத்தாள். பட்டனில் கட்டை விரலை வைத்தாள். கடல் இப்போது கறுத்திருந்தது. அந்தச் சிவப்புச் சட்டை எங்கேயும் தெரியவில்லை.

அழுத்தவில்லை.

"திரும்பி வாங்கன்னு நான் சொன்னா," என்றாள், "தேட வேண்டாம்னு அம்மாவே சொல்லிட்டான்னு ஜெர்வன் நினைக்க மாட்டானா? எங்கேயோ கிடந்து அவன் அதைக் கேட்டுட்டான்னா?"

கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சின்னப் படகில் வயர்லெஸ் கிடையாது. தெரிந்தும் கை வரவில்லை.

அப்போது வயர்லெஸ்ஸே கரகரத்தது.

"அகாதா கடை, அகாதா கடை. ஆல்வின் பேசறேன். நெர்லீன் இருக்காளா?"

அகாதா மைக்கை மருமகளிடம் நீட்டினாள்.

"சொல்லுங்க கேப்டன்."

"ஒண்ணு கேக்க மறந்துட்டேன் தங்கச்சி. கனவுல அவன் எந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருந்தான்? வடக்கே தெற்கே எல்லாம் சலிச்சுப் பார்த்தாச்சு. இருக்கிற பெட்ரோல் ஒரு பக்கம் போய்வரத்தான் காணும். அவன் பார்த்த பக்கமே போறோம். நீ சொல்றதுதான்."

நெர்லீன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். உப்பு கேட்டான் என்று சொன்னது ஒரு பொய். இப்போது ஒரு திசை சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் அங்கேதான் போவார்கள், லிண்டனும் அங்கேதான் போவான்.

"தங்கச்சி, கேக்குதா? காத்து எடுத்துடுச்சு, சீக்கிரம் சொல்லு."

அவள் திரும்பினாள். கிழவர் கலைத்துவிட்டுப் போன தட்டுக்கு எதிரில் யூரியாஸ் உட்கார்ந்திருந்தார்.

"மாமா," என்றாள். "உங்க கனவுல அவர் எந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருந்தாரு?"

யூரியாஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கனவே காணாதவள்தான் இப்படிக் கேட்பாள். அவருக்குப் புரிந்துவிட்டது. மைக்கைப் பிடுங்கி ஆல்வினிடம் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நெர்லீன் நினைத்தாள். அப்படிச் செய்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

அவர் கையைத் தூக்கி, பாலத்தைத் தாண்டி, யாட்டுகளைத் தாண்டி, எதிரே காட்டினார்.

"மேற்கே," என்றார்.

நெர்லீன் பட்டனை அழுத்தினாள். "மேற்கே கேப்டன். நேர் மேற்கே பார்த்து உக்காந்திருந்தாரு."

"மேற்கே போனா கரையே கிடையாதே," என்றார் ஆல்வின். பிறகு, "சரி. அங்கேயே போறோம். அகாதாகிட்ட லிண்டன் நல்லாயிருக்கான்னு சொல்லு."

வயர்லெஸ் நின்றது. முதல் மழைத் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன.

அகாதா நடந்து போய்க் கணவருக்கு எதிரே நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ பொய் சொல்றான்னு தெரிஞ்சும் எதுக்குக் கையைக் காட்டினே?"

"என் கனவு பொய் இல்லை அகாதா. உயிரோட இருந்தாலும் செத்திருந்தாலும் அவன் அந்தப் பக்கம்தான் இருக்கான்."

"லிண்டன் ஏறினப்ப நீ எந்திரிச்சு என்னமோ சொன்னியே. நான் பார்த்தேன். 'நீ மட்டும் வேணாம்'னு வாய் அசைஞ்சுது. ஏன் அவன் மட்டும் வேணாம்?"

யூரியாஸ் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அகாதா மேஜையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"யூரியாஸ், உன் கனவுல இந்த மேஜைல ஜெர்வன் ஒருத்தன்தானே உக்காந்திருந்தான்? பக்கத்து நாற்காலி காலியாத்தானே இருந்துச்சு?"

அவர் தட்டிலிருந்து கண்ணை எடுத்துப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.